மாமியார் ஆணி

காலை எட்டு நாற்பதுக்கு அக்கா மாமியாரைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். தோளில் இரண்டு மீட்டர் கம்பு, அதன் உச்சியில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி வெள்ளையாக ஒரு ஜி.பி.எஸ். ரிசீவர், இடுப்பில் செருகிய பழந்துணி. எங்கள் அலுவலகத்தில் வண்டிகள் நிறுத்தும் முற்றத்தின் நடுவே சிமென்ட் தரையில் ஒரு பித்தளை ஆணி பதித்திருக்கிறது. சட்டைப் பொத்தான் அளவு தலை, அதன் நடுவில் ஊசிக்குத்து மாதிரி ஒரு புள்ளி. வண்டி கழுவும் குழாய் எந்நேரமும் ஒழுகும். அந்தத் தண்ணீர் வழிந்து வந்து ஆணி இருக்கும் பள்ளத்தில்தான் தங்கும். அக்கா ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்து, செருப்பு நுனியால் தண்ணீரை விலக்கி, கம்பின் கூர்முனையைப் புள்ளியில் வைத்து, நீர்மட்டக் குமிழி நடுவுக்கு வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்.

“என்ன சொல்றாங்க மாமியார்?” என்பார் வாயில் காவலாளி. தினமும் அதே கேள்வி, அதே தொனி.

“கெழக்க எட்டு மில்லி, வடக்க நாலு. இன்னிக்கு நல்ல மனசோட இருக்காங்க.”

“குடுத்து வெச்சவங்க நீங்க. எங்க வீட்ல மில்லிலயெல்லாம் நிக்காது.”

அக்கா சிரிக்க மாட்டார். எண்களைக் கட்டம் போட்ட நோட்டில் எழுதுவார். கம்பின் முனையில் சொட்டும் தண்ணீரைப் பழந்துணியால் துடைப்பார். அதன் பிறகுதான் அலுவலகத்துக்குள் நுழைவார். இதைச் செய்யச் சொல்லி யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை என்பது எனக்குப் பல மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

ஆணிக்கு ஏன் அந்தப் பெயர் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். “நகராது, வளையாது, ஒரு தடவ சொன்னத மாத்தாது. நம்ம தப்ப மட்டும் கண்டுபிடிக்கும். வேற என்ன பேரு வெக்கறது தம்பி?” என்றார். சற்றுப் பொறுத்து, “வீட்ல இருக்கறவங்க தங்கம். ஒரு சொல் சொல்ல மாட்டாங்க. மாமியார் கொடுமையே இல்லாம ஒரு பொம்பள எப்படி உருப்படறது? அதான் ஆபீஸ்ல ஒண்ணு வெச்சிருக்கேன்” என்றார்.

அந்தத் தங்கம் தினமும் நான்கு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிடும். அக்கா சாப்பிட்டாரா என்று கேட்கும். தன் மருமகள் சாட்டிலைட்டுக்கு வழி சொல்கிற வேலையில் இருப்பதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தது. “சாட்டிலைட்டுக்கு இல்ல அத்தை, அது சொல்றதுல இருக்கற தப்புக்கு” என்று அக்கா திருத்துவார். மறுநாளும் தெருக்கதையில் அக்கா சாட்டிலைட்டுக்குத்தான் வழி சொல்லிக்கொண்டிருப்பார்.

உண்மையில் அக்கா சொன்னதுதான் சரி. வானத்திலிருந்து வரும் சமிக்ஞையை மட்டும் நம்பினால், ஒரு ரிசீவர் தான் நிற்கும் இடத்தை இரண்டு மூன்று மீட்டர் தள்ளித்தான் சொல்லும். சுவர் கட்டவும் குழாய் பதிக்கவும் அது போதாது. அதனால் துல்லியமாக இடம் தெரிந்த ஒரு புள்ளியில் இன்னொரு ரிசீவரை அசையாமல் நிறுத்தி வைப்பார்கள். வானம் எவ்வளவு தப்பாகச் சொல்கிறது என்று அது வினாடிக்கு வினாடி கணக்கிட்டு மற்றவர்களுக்கு அனுப்பும். அதற்குத் திருத்தம் என்று பெயர். எங்கள் நிறுவனம் ரிசீவர்களை வாடகைக்கு விடுகிறது, திருத்தத்தையும் விற்கிறது. திருத்தம் அனுப்பும் அந்த ரிசீவர் எங்கள் மொட்டை மாடியில் ஓர் இரும்புத் தாங்கியில் நிற்கிறது. முற்றத்து ஆணியின் இடமும் மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து வைத்தது; அந்தத் திருத்தத்தோடு கம்பு சொல்லும் இடம் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதுதான் அக்காவின் காலை எண். அக்கா அதை ‘மாடி’ என்றே சொல்வார், ஏதோ பெரிய மனிதரைச் சொல்வது மாதிரி. “மாடி பொய் சொன்னா, கீழ இருக்கறவன் அத தலையில அடிச்சு சத்தியம் பண்ணுவான்.”

கீழே இருப்பவர்கள் என்றால் அளவையாளர்கள். வெயிலில் நின்றுகொண்டு, திரையில் பச்சை வரவில்லை என்று அக்காவை அழைப்பவர்கள். ரிசீவருக்குத் திருத்தம் சரியாகக் கிடைத்து அது தன் இடத்தில் ஊன்றிக்கொண்டால் திரையில் ‘ஃபிக்ஸ்’ என்று பச்சையாக வரும். அதுவரை மஞ்சள். பச்சையைப் பார்க்காமல் எந்த அளவையாளரும் ஒரு முளைகூட அடிக்க மாட்டார்.

அக்காவின் அறைக்கு ஜன்னல் இல்லை. முன்பு அது பழைய கோப்புகள் வைக்கும் அறை. மேசை, தொலைபேசி, காதுக்கருவி, சுவரில் ஒரு காலண்டர், அவ்வளவுதான். வானத்தைப் பற்றிய வேலையை வானமே தெரியாத இடத்தில் உட்கார்ந்து பதினொரு வருடம் செய்தார். ஆனால் எதிர்முனையில் என்ன நடக்கிறது என்பது அவருக்குக் காதாலேயே தெரியும்.

“பக்கத்துல மரம் இருக்கா? எல சலசலக்குது. ஒரு பத்தடி தள்ளி நில்லுங்க… இல்ல, அந்தப் பக்கம் லாரி ஓடுது, இந்தப் பக்கம் வாங்க. ஆங். இப்ப சோர்ஸ் பக்கத்தத் தொறங்க. யார் யார் பேச்சக் கேக்கணும்னு ஒரு லிஸ்ட் இருக்கும். மொதல்ல என்ன போட்டிருக்கு? சாட்டிலைட்டா? அது ஓசில வர்ற கரெக்‌ஷன், ஓசிப் பேச்சு ஒரு மீட்டர் வரைக்கும்தான் நிக்கும். அத கடைசில தள்ளுங்க. மொதல்ல எங்க மாடி. பாஸ்வேர்ட் அடிங்க. கடைசில ஸ்பேஸ் அடிச்சிருக்கீங்க. எப்படித் தெரியும்னா, எல்லாரும் அடிப்பாங்க. சரி, கரெக்‌ஷனுக்கு என்ன வயசு ஆகுதுன்னு பாருங்க.”

“ரெண்டு செகண்ட்.”

“பச்சக் கொழந்த. நம்பலாம். பத்து செகண்டத் தாண்டினா பழங்கத, கேக்காதீங்க.”

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. யாராவது “இப்ப நான் கரெக்டா எல்லைக்கல்லு மேல இருக்கேன்” என்றால் உடனே குறுக்கிடுவார். “இருக்கீங்களா, இல்ல இருக்கறதா அது சொல்லுதா?” இந்த இரண்டு சொற்களையும் அவர் கலக்கவே மாட்டார். ஆணியைத் தவிர வேறு எதற்கும் ‘இருக்கு’ கிடையாது. மற்றதெல்லாம் ‘சொல்லுது’தான். பச்சை வந்தாலும் சொல்லுது, மஞ்சள் வந்தாலும் சொல்லுது. சாப்பாட்டு வேளையில் யாரோ, “அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு உங்க மேல ரொம்பப் பிரியம் இருக்கு போல” என்று கிண்டல் செய்தபோதும், “சொல்லுது” என்று சாப்பிட்டபடியே பதில் சொன்னார்.

அழைப்பவர்களில் பலரை அவர் பார்த்ததில்லை. குரலை வைத்துப் பெயர் சூட்டியிருந்தார். மூக்கடைப்பு, அவசரம், ‘அதாவது’. அவர்களில் ஒருவர் இருமல் அண்ணன். பேசத் தொடங்கும் முன் இரண்டு முறை இருமுவார். வேலை கச்சிதம். அக்கா சொல்லித்தான் அவரும் தன் வேலையிடங்களில் எல்லாம் ஓர் ஆணி அடித்துக்கொண்டு, முளை அடிக்கும் முன் அதைச் சரிபார்ப்பார். “எங்க மாமியாரும் சொகமா இருக்காம்மா” என்று இருமிக்கொண்டே சொல்வார். மூன்று வருடப் பழக்கம், முகம் தெரியாது.

நான் அங்கே பொறியாளர். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அப்பா மூட்டை தூக்குகிறவர், பெருவிரல் ரேகை வைப்பவர். நிறுவனத்தின் சான்றிதழ்களில் என் பெயருடன் முத்திரை குத்தியிருப்பதைப் பார்க்க ஒருநாள் அலுவலக வாசல்வரை வந்தார். காவலாளி உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. காகிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு. அதனால் அவர் செய்த வேலைக்கும் சான்றிதழில் கையெழுத்து நான்தான். அதில் எனக்கு அப்போது எந்த உறுத்தலும் இருந்ததில்லை.

கணவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை என்று அக்கா எட்டு வேலை நாள் விடுப்பு எடுத்தார். போகும்போது கம்பையும் நோட்டையும் என் அறைக்குக் கொண்டுவந்தார்.

“தம்பி, ஒரு பத்து நிமிஷ வேல. மாமியாரைப் பாத்துட்டு மட்டும் வந்துருங்க. புதன்கிழமை தண்ணி லாரி பக்கத்துல நிக்கும், கொஞ்சம் மொறைப்பாங்க. அது சகஜம்.”

முதல் நாள் போனேன். கால்சட்டை நனைந்தது. பன்னிரண்டு நிமிடம் ஆனது. ஒன்பது மில்லி, எழுதினேன். இரண்டாம் நாள் ஓர் அறிக்கை அவசரம். எப்படியும் ஒரு சென்டிமீட்டர்தானே வரும் என்று பதினொன்று மில்லி என எழுதினேன். மூன்றாம் நாள் ஆறு மில்லி. எட்டு, பத்து, ஏழு. ஒரே எண் திரும்ப வராமல் பார்த்துக்கொண்டேன். பிழைகள் எப்படிச் சிதறும், எவ்வளவுக்குள் நிற்கும் என்றெல்லாம் கல்லூரியில் நாலு வருடம் படித்திருக்கிறேன். அந்தப் படிப்பை நான் முழுமையாகப் பயன்படுத்தியது அந்த வாரத்தில்தான்.

நான்காம் நாள் மொட்டை மாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூச ஆட்கள் வந்தார்கள். வாசலில் அவர்களுடைய வாளிகளைப் பார்த்தேன். அதற்கு மேல் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் அக்கா வந்தார். என் அறை மூலையில் சாய்ந்திருந்த கம்பை எடுத்தார். முனையைப் பெருவிரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். கம்போடு முற்றத்துக்குப் போனார்.

வழக்கமாகப் பத்து நிமிடத்தில் வருகிறவர் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கம்பை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். காவலாளி வழக்கமான கேள்வியைக் கேட்டார். அக்கா அவரிடம் ஏணி கேட்டார். நானும் பின்னால் ஓடினேன்.

மொட்டை மாடி முழுக்க வெள்ளையாக, கண் கூசியது. மாடி ரிசீவர் அதன் பழைய தாங்கியில் இல்லை. பூச்சுக்காரர்கள் அதைக் கழற்றி, வேலை முடிந்ததும், பக்கத்தில் கிழக்கே காலியாக இருந்த இன்னொரு தாங்கியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். திருகுகளை நன்றாக முடுக்கியிருந்தார்கள். அதன் மேல் ஒரு பொட்டு வெள்ளைப் பூச்சுகூடப் படவில்லை.

“நல்லா தொடச்சு வேற வெச்சிருக்கான், பாவம்” என்றார் அக்கா. “முப்பத்தெட்டு சென்டி.”

மாடி நகர்ந்தது மாடிக்குத் தெரியாது. பழைய இடத்திலேயே நிற்பதாக நினைத்துக்கொண்டு ஐந்து நாளாகத் திருத்தம் அனுப்பிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டவர்கள் எல்லோருக்கும் திரையில் பச்சை. ஒருவருக்கொருவர் ஒரு சென்டிமீட்டர் பிசகாமல் ஒத்துப்போனார்கள். அத்தனை பேரும் சேர்ந்து கிழக்கே முப்பத்தெட்டு சென்டிமீட்டர் தள்ளி நின்றார்கள்.

மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நோட்டு மேசைமேல் திறந்திருந்தது.

“ஏம்மா, தெனமும் செக் பண்றதா சொல்றே. எட்டு நாளும் கரெக்டா இருக்குன்னு நோட்ல இருக்கே?”

“இருக்குன்னு சொல்லாதீங்க சார். நோட்டு சொல்லுது.”

“வாய்ப்பேச்சு வேணாம். என்ன நடந்துச்சு?”

“நான் லீவுல இருந்தேன் சார். கம்போட முன காஞ்சு தூசி படிஞ்சு கெடந்துச்சு. ஆணி கெடக்கறது தண்ணிக்குள்ள. நேத்து போயிருந்தாக்கூட முனையில சேத்துக் கறை ஒட்டியிருக்கணும். புதன்கிழமை லாரி நின்ன அன்னிக்கும் ஏழு மில்லின்னு எழுதியிருக்கு. பதினொரு வருஷத்துல புதன்கிழமை மாமியார் அப்படி சிரிச்சதே இல்ல.”

“கம்பு வந்து சாட்சி சொல்லுமா?”

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த அறையில் எனக்குக் கிடைத்த நேரம் எவ்வளவு என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்ளும்வரை. அதற்குள் ‘நான்தான் போகவில்லை’ என்று மூன்று முறை சொல்லியிருக்கலாம். மேலாளருக்குத் தெரியாமலும் இல்லை. எழுத்து என்னுடையது, அக்காவின் எழுத்து உருண்டையாக இருக்கும். ஆனால் சான்றிதழ்களில் இருப்பது என் கையெழுத்து. என்னைச் சந்தேகித்தால் நிறுவனம் கொடுத்த காகிதம் அத்தனையையும் சந்தேகிக்க வேண்டும். அக்காவைச் சந்தேகிப்பதில் அந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

“பொறுப்ப ஒப்படைச்சா சரியா ஒப்படைக்கணும்மா” என்று முடித்தார். மாடியை அன்றே பழைய தாங்கிக்கு மாற்றிவிட்டார்கள். யாருக்கும் அறிவிப்பு கொடுக்கவில்லை. கேட்பவர்களிடம், அவரவர் ரிசீவரின் அமைப்பைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும் என்பது அக்காவுக்கு உத்தரவு.

மறுநாள் பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது. ஒரு கோப்பு கேட்க அக்காவின் அறைக்குப் போயிருந்தேன். காதுக்கருவி பழுது என்று ஒலிபெருக்கியில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு இருமல் கேட்டது.

“அம்மா, நான்தான். ஒரு வில்லங்கம் ஆயிப்போச்சு. போன வாரம் ஒரு பைப்லைனுக்கு முள அடிச்சுக் குடுத்தேன். அதப் பாத்துத் தோண்டி, பக்கத்து மனை அஸ்திவாரத்தச் சொரண்டிட்டாங்க. நேத்து ராத்திரி மழையில செவுரு சாஞ்சிருச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகல, அந்த மட்டும். ஆனா என்னய இனிமே எங்கயும் கம்பு தூக்க விடமாட்டேங்கறாங்க. நான் எங்க தப்புப் பண்ணேன்னே தெரியல. பச்சைதான் இருந்துச்சு. சோர்ஸும் நீ சொன்ன வரிசதான், மொதல்ல உங்க மாடி.”

“அங்க உங்க மாமியார்கிட்ட செக் பண்ணீங்களாண்ணே?”

“அது மேல மண்ணக் கொட்டிட்டாங்கம்மா. ஒரு நாள்தானேன்னு விட்டுட்டேன். நீதான் தெனமும் உன் மாமியாரப் பாத்துட்டுத்தானே உக்காருவே. அந்த தைரியத்துல அடிச்சேன்.”

மேசை ஓரத்தில், என்ன பேச வேண்டும் என்று மேலாளர் அச்சிட்டுக் கொடுத்த தாள் இருந்தது. அக்கா அதைக் கவிழ்த்து வைத்தார்.

“அண்ணே, நீங்க ஒரு தப்பும் பண்ணல. எங்க மாடி நகந்துபோச்சு. முப்பத்தெட்டு சென்டி. அஞ்சு நாளா யாரும் பாக்கல.”

எதிர்முனையில் இந்த முறை இருமல் இல்லை. மெதுவாக, “இத எழுதிக் குடுப்பியாம்மா?” என்று கேட்டார்.

“என் எழுத்து செல்லாதுண்ணே. எழுதறதுக்குப் படிச்சவங்க இருக்காங்க.”

“அவங்ககிட்ட கேட்டுச் சொல்றியா?”

“இங்கதான் நிக்கறாரு. கேட்டுக்கிட்டுதான் இருக்காரு” என்றார் அக்கா. அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

இருமல் அண்ணன் எழுத்தில் கேட்டு மேலாளரையும் அழைத்திருக்கிறார்; மாலையில் மேலாளர் என்னிடம் அவருக்குக் கடிதம் எழுதச் சொன்னார். நான் பொய் எழுதவில்லை. அதைத்தான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ‘குறிப்பிட்ட நாட்களில் எங்கள் திருத்தச் சேவை இடையறாது இயங்கியது.’ உண்மை, ஒரு வினாடிகூட நிற்கவில்லை. ‘திருத்த மூலத்தைத் தேர்வதும், தெரிந்த புள்ளியில் சரிபார்ப்பதும் பயனரின் பொறுப்பு.’ அதுவும் உண்மை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. இரண்டே வாக்கியம். கீழே கையெழுத்து, முத்திரை.

அனுப்பும் தபால்கள் அக்காவின் மேசை வழியாகத்தான் போகும். அவர் அதை எடுத்து, எழுத்துக்கு எழுத்து விரலை வைத்துப் படித்தார்.

“எல்லாம் ஃபிக்ஸ்தான்” என்றார். “முப்பத்தெட்டு சென்டி தள்ளி.”

பிறகு உறையில் போட்டு ஒட்டி, விலாசத்தை உருண்டை எழுத்தில் எழுதி, “தபாலுக்கு அனுப்பிடறேன் சார்” என்றார். அதுவரை நான் தம்பி.

உத்தரவை மீறி வாடிக்கையாளரிடம் பேசியதற்காக அக்காவைப் பொருள் அனுப்பும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆவணத்தில் ‘பணிச்சுமை குறைப்பு’ என்று இருக்கிறது. அந்த வாக்கியமும் என்னுடையதுதான். இப்போது அவர் கீழ்த்தளத்தில், வாடகைக்குப் போகும் ரிசீவர்களைப் பெட்டியில் அடுக்குகிறார். அந்த அறைக்குப் பெரிய ஜன்னல் உண்டு, முற்றத்தைப் பார்த்தபடி. பதினொரு வருடம் கழித்து வானம் தெரிகிறதே என்று காவலாளி சொன்னதற்கு, “ஆமா, அது சொல்றத இனிமே யாரும் திருத்த வேணாம்ல, அதான் காட்டறாங்க” என்றார்.

நான்கு மணிக்கு வீட்டுத் தங்கம் இன்னமும் கூப்பிடுகிறது. ஒருநாள் படியில் இறங்கும்போது காதில் விழுந்தது. “இல்ல அத்தை, அதே வேலதான். சாட்டிலைட்தான். அங்கயேதான் இருக்கேன்.” அவர் வாயிலிருந்து ‘இருக்கேன்’ என்பது அவ்வளவு சுலபமாக வந்து நான் கேட்டதில்லை.

பெட்டியில் வைக்கும் முன் ஒவ்வொரு ரிசீவரையும் அவர் இயக்கிப் பார்க்கிறார். அது அவர் வேலையில் சேர்த்தி இல்லை. பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுகிறார். உருண்டை எழுத்தில் ஒரே வரி: ‘பச்சையை நம்பாதே, ஆணியைப் பார்.’ மேலாளர் இன்னும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், யாரிடமும் சொல்லவில்லை. இதை ஒரு நல்ல காரியமாக ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது, சொல்லாமல் இருப்பதில்தான் எனக்கு ஏற்கெனவே நல்ல பயிற்சி உண்டே.

இருமல் அண்ணன் அதன் பிறகு அழைக்கவில்லை. எங்கள் பதிவில் அவர் எண்ணை அழித்துவிட்டார்கள். ஒருநாள் துணிந்து கீழே போய் அக்காவிடம் கேட்டேன், அவருடைய தொலைபேசி எண் இருக்கிறதா என்று. பேச வேண்டும், வேறு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றேன்.

அக்கா பெட்டியின் பஞ்சைச் சரிசெய்துகொண்டே சொன்னார். “எங்கிட்ட எதுக்கு சார் நம்பர் கேக்கறீங்க? நீங்களே அழகா போடுவீங்களே.”

அதற்கு மேல் நிற்க முடியவில்லை. கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன். விலாசம் என்னிடம் இருக்கிறது, முதல் கடிதத்தின் நகலிலேயே இருக்கிறது. தொலைபேசி எண் கேட்டுப் போனதே விலாசத்தை மறக்கத்தானோ என்று தோன்றுகிறது. அனுப்பினால் என் முத்திரை போகும், வேலை போகும், அப்பா விரலால் தடவிய காகிதம் வெறும் காகிதமாகும். அனுப்பாமல் இருப்பதற்கு அப்பாவைக் காரணம் சொல்வது எவ்வளவு வசதி என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதைப் பையில் எடுத்துப் போகிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அது வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

ஆணியைப் பார்ப்பது இப்போது என் வேலை, எழுத்து மூலமான உத்தரவு. எட்டு நாற்பதுக்குப் போகிறேன். கால்சட்டையை மடித்துக்கொள்கிறேன், செருப்பு நுனியால் தண்ணீரை விலக்குகிறேன், குமிழி நடுவுக்கு வரும்வரை நிற்கிறேன். காவலாளி என்னிடம் மாமியாரைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு, கம்பைப் பெட்டியில் வைப்பதற்காகப் பொருள் அறைக்குக் கொண்டுபோகிறேன்.

நேற்றும் போனேன். “இன்னிக்கு ஏழு மில்லி, அக்கா” என்றேன், நோட்டைத் திறந்து நீட்டியபடி. அக்கா நோட்டைப் பார்க்கவில்லை. “கம்பக் குடுங்க சார்” என்று வாங்கி, தலைகீழாகச் சாய்த்து, முனையைப் பெருவிரலால் அழுத்தித் தடவி, விரலில் ஒட்டிய ஈரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.